மிதக்கும் வீட்டின் பெண்கள்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஒரு தோணிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆடி மாதக் காற்றில் தோணிகள் ஓடாமல் கரையோரம் கட்டிக் கிடக்கும் நாட்கள். மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போன நான், பக்கத்தில் நின்ற தோணியில் போட்டிருந்த பலகையில் ஒரு காலை வைத்துவிட்டேன். மேலே கயிறு முறுக்கிக்கொண்டிருந்த தண்டல் எட்டிப் பார்த்தார். “பாப்பா, நீ கீழயே நில்லு. பொம்பளப் புள்ள ஏறுனா காத்து ஒத்துக்காது.” கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் நிற்காதே என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். என் தம்பி என்னைத் தாண்டி ஏறிப் போனான். அவனுக்கு ஏழு வயது.

அந்தத் தோணியின் முகப்பில் எழுதியிருந்தது ஒரு மாதாவின் பெயர். சுற்றி நின்ற தோணிகளிலும் அன்னை, அம்மன், மேரி என்று பெண் பெயர்கள்தான் அதிகம். பெண்ணின் பெயர் கடலைக் கடக்கலாம், பெண் கடக்கக் கூடாது. இந்த விதி எங்கிருந்து வந்தது, யாரெல்லாம் அதை மீறினார்கள், மீறியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பல வருடங்களாகத் தேடிப் படித்துவருகிறேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் ஒரு பகுதி.

விதி பழையது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், பெண்ணோடு கடற்பயணம் போகும் வழக்கம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் நம் ஊர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான். மணிமேகலையைப் பாருங்கள். கடலைக் காக்கும் தெய்வத்தின் பெயரைத் தாங்கியவள் அவள். அவளும் பலமுறை கடல் கடக்கிறாள், ஆனால் ஒருமுறைகூடக் கப்பலில் ஏறுவதில்லை. மணிபல்லவத்துக்குத் தெய்வம் தூக்கிச் செல்கிறது. பிறகு மந்திரத்தால் வானில் பறக்கிறாள். அதே காப்பியத்தில் சாதுவன் கப்பலேறிப் போகிறான். அவன் கப்பல் உடைந்தது என்று கேள்விப்பட்ட ஆதிரை, கரையில் இருந்தபடியே தீயில் இறங்குகிறாள். ஒரு பெண்ணைப் பறக்கவைப்பது புலவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. ஆண்கள் நிறைந்த மரக்கலத்தில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்குவதுதான் முடியவில்லை.

ஐரோப்பியக் கடற்படைகளும் இதில் நமக்குக் குறைந்தவை அல்ல. பிரெஞ்சு அரசக் கப்பல்களில் பெண்களுக்கு இடமில்லை என்பது சட்டம். அதனால்தான் ழான் பாரே என்ற ஏழைக் குடும்பத்துப் பெண் ஆண் உடையில் ஏற வேண்டியிருந்தது. தாவரவியலாளர் கொமர்சோனின் உதவியாளாக 1766 இறுதியில் ‘எத்துவால்’ என்ற கப்பலில் ஏறினார். பூகன்வீலின் உலகப் பயணத்தில் சேர்ந்த இரண்டாவது கப்பல் அது. மூட்டை சுமந்தார், மலையேறினார், செடிகளைப் பறித்துப் பாடம் செய்தார். 1768இல் தாஹிட்டித் தீவில் அவர் பெண் என்பது எல்லோருக்கும் வெளிப்படையானது. மொரீஷியஸில் இறங்கி அங்கேயே சில ஆண்டுகள் வாழ்ந்தார். கொமர்சோன் இறந்த பிறகு வேறொருவரை மணந்து, 1775 வாக்கில் பிரான்ஸ் திரும்பினார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். கொமர்சோன் பெயரில் எத்தனையோ செடிகள் உண்டு. பாரேயின் பெயரில் ஒரு செடி வந்து நிலைத்தது 2012இல்தான்.

பெண்ணாகவே கப்பலேற ஒரு வழி இருந்தது: கப்பலையே வீடாக்கிவிடுவது. வீடு என்று சொல்லிவிட்டால் அங்கே பெண் இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர்கள் பலர் மனைவியைக் கூடவே அழைத்துப் போனது இப்படித்தான். அவர்களில் ஒருவர் மேரி பேட்டன். கணவர் ஓட்டிய ‘நெப்டியூன்ஸ் கார்’ என்ற பாய்மரக் கப்பலில் முதல் பயணத்தின்போது பொழுதுபோகாமல் கடல்வழிக் கணக்குகளைக் கற்றுக்கொண்டார். 1856இல் இரண்டாவது பயணம், நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு. தென் அமெரிக்காவின் தென்முனையை நெருங்கும்போது கணவர் நோயில் விழுந்தார். முதல் துணைத்தலைவர் கடமை தவறியதால் ஏற்கெனவே அடைத்துவைக்கப்பட்டிருந்தார். இரண்டாமவருக்குக் கணக்குத் தெரியாது. 19 வயது மேரி, வயிற்றில் குழந்தையோடு, கேப் ஹார்ன் முனையின் புயல்களைத் தாண்டிக் கப்பலை நவம்பர் 15இல் கரைசேர்த்தார். அடுத்த ஆண்டே கணவர் இறந்தார். மேரி காசநோயில் இறந்தபோது வயது 23.

மேரியின் கதையை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் கைதட்டுவார்கள். எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கும். கணவர் நோயில் விழாமல் இருந்திருந்தால்? அந்தப் பெண்ணின் கணக்கறிவு அறையிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும். நாம் பெயரை அறிந்தது ஒரு விபத்தால். அப்படி விபத்து நேராததால் பெயர் தெரியாமல் போன மேரிகள் எத்தனை பேர்?

கப்பல் வீட்டில் வாழ்ந்து, கரையோர நகரங்களைச் சுற்றிப் பார்த்து, அதை எழுதியும் வைத்தவர்களில் மிகப் புகழ்பெற்றவர் ஆனி பிராஸி. 1839இல் லண்டனில் பிறந்தவர், கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். கணவர் தாமஸ் பிராஸி பாராளுமன்ற உறுப்பினர். மாமனார் இந்தியா உட்படப் பல நாடுகளில் ரயில்பாதை போட்ட பெரும் ஒப்பந்தக்காரர். அந்தப் பணத்தில் 1874இல் கட்டப்பட்டது ‘சன்பீம்’: மூன்று பாய்மரங்கள், காற்று இல்லாத நாளுக்கு ஒரு நீராவி இயந்திரம். 1876 ஜூலையில் இங்கிலாந்தை விட்டு, உலகைச் சுற்றி, 1877 மே 26இல் திரும்பினார்கள். கணவர், நான்கு குழந்தைகள், நண்பர்கள், மாலுமிகள், பணியாட்கள் என்று கப்பலில் 40 பேருக்கு மேல். நாய்களும் பறவைகளும் ஒரு பூனைக்குட்டியும் தனி. 1878இல் வந்த ஆனியின் பயண நூல் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. அதன் துணைத்தலைப்பிலேயே, பதினோரு மாதம் கடலில் எங்கள் வீடு என்ற பொருள் வரும்படி எழுதியிருந்தார்.

அந்த ‘வீடு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ஒரு பெண் வெளியூர் போவதென்றால் முதல் கேள்வி ‘எங்கே தங்குவாள்’ என்பதுதான். இன்றும் நம் வீடுகளில் அதுதானே முதல் கேள்வி? உறவினர் வீடு வேண்டும், துணை வேண்டும், பாதுகாப்பான விடுதி வேண்டும். ஆனிக்கு அந்தக் கேள்வியே இல்லை. ரியோ டி ஜெனிரோவிலும் வால்பரைசோவிலும் யோகோஹாமாவிலும் அவர் வீட்டிலிருந்தே இறங்கி, ஊரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே திரும்பினார். தாஹிட்டியின் பப்பீத்தே சந்தையை விடிகாலையிலேயே போய்ப் பார்த்தார். கோயில், கடைத்தெரு, கூத்துமேடை, எரிமலை எதையும் விடவில்லை. நிழற்படமும் எடுத்தார். யாருடைய விருந்தாளியாகவும் இல்லாத ஒரு பெண்ணின் பார்வை அது.

ஆனால் வீட்டோடு வீட்டுக் கடமைகளும் கப்பலேறின. ஆனிக்குக் கடல்மயக்கம் உண்டு, மார்புச்சளி நோயும் உண்டு. பயணத்தின் முதல் வாரத்திலேயே பெரிய அலையொன்று தளத்தின் மேல் ஏறிக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. நூலிழையில் தப்பினார்கள். செப்டம்பரில் தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால், நிலக்கரி ஏற்றி எரிந்துகொண்டிருந்த ‘மாங்க்ஸ்ஹேவன்’ என்ற கப்பலின் 15 பேரைக் காப்பாற்றித் தங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். திடீரென்று இன்னும் 15 பேருக்குப் படுக்கையும் சாப்பாடும் தண்ணீரும். காப்பாற்றியது வீரக்கதை. அதன் பிறகு பகிர்ந்து பரிமாறியது வீட்டுக்கதை. ஆனியின் நூல் இரண்டையும் எழுதியதால்தான் எனக்கு அதைப் பிடிக்கும்.

அந்தப் பரிமாறலை ஆனி தன் கையால் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலில் குழந்தைகளுக்கு ஒரு தாதி இருந்தார். ஆனியின் உடைகளைக் கவனிக்க ஒரு பணிப்பெண், அறைகளுக்கு இன்னொரு பெண். அவர்களும் அதே உலகைத்தான் சுற்றிவந்தார்கள், அதே கேப் வெர்டேயையும் ஹோனலுலுவையும் கடந்தார்கள். ஆட்களின் பட்டியலில் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. சொந்தக் குரல் இல்லை. எத்தனை துறைமுகங்களில் அவர்களுக்குக் கரையிறங்க ஓய்வு கிடைத்தது? குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் விழித்திருந்தவர் கண்ணுக்கு யோகோஹாமா எப்படித் தெரிந்தது? ஒரு பெண்ணின் மிதக்கும் வீடு இன்னொரு பெண்ணின் மிதக்கும் வேலையிடம்.

இப்போது நம் கடலுக்கு வருகிறேன். 1877 மார்ச் இறுதியில் ‘சன்பீம்’ இலங்கையின் காலித் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. ஆனியும் மற்றவர்களும் கொழும்பையும் கண்டியையும் பார்த்துவிட்டு ஏப்ரல் தொடக்கத்தில் ஏடனை நோக்கிப் புறப்பட்டார்கள். நூலில் அது ஓர் அழகான அத்தியாயம். அந்த நாட்களைப் படித்தபோது என் விரல் நாட்காட்டியில் நின்றுவிட்டது. 1876-77: தாது வருஷம்.

தாது வருஷப் பஞ்சம் என்று என் அம்மாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னை மாகாணம் முழுக்க மழை பொய்த்து, தானியம் விலையேறி, ஊர் ஊராக மக்கள் மடிந்த காலம். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து, நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலியையும் குறைத்தார்: நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும். அந்தக் காலத்தில்தான் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் பல்லாயிரம் பேர் தோணியேறினார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். கங்காணியின் கணக்கில் கடன் ஏறிக்கொண்டே வந்தது. காலராவும் மலேரியாவும் வழியிலேயே பலரை எடுத்துக்கொண்டன. சேர்ந்தவர்கள் காப்பித் தோட்டங்களில் கூலிகளானார்கள். அதில் பெண்கள் இருந்தார்கள். கைக்குழந்தையோடு போனவர்கள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி போனாள் என்பது அம்மாச்சி சொன்ன கதை. அம்மாச்சியின் பாட்டிக்கு அக்காள் முறை. “கண்டிச் சீமைக்குத் தோணியேறிப் போனவ திரும்பல” என்று சொல்வாள். பெயரைக் கேட்டேன். “அவளுக்குப் பேரு என்னமோ வரும்…” என்று இழுத்தாள். அம்மாச்சி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பெயர் இனி வராது.

ஆக, ஒரே ஆண்டில், ஒரே தீவுக்கு, இரண்டு வகைப் பெண்கள் கடல்வழியாக வந்திருக்கிறார்கள். காலியில் இறங்கியவர் தன் வீட்டோடு வந்தார். மன்னாரில் இறங்கியவள் வீட்டை விட்டு வந்தாள். ஆனி நான்கு பயண நூல்களுக்கு மேல் எழுதினார், ஊர் ஊராகச் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருட்களை ஹேஸ்டிங்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். எங்கள் வீட்டுப் பெண் ஒரு பெயரைக்கூட விட்டுப்போகவில்லை. தொல்காப்பிய விதியும் தண்டல் சொன்ன காற்றுக் கணக்கும் அப்போது எங்கே போயின என்றும் கேட்டுப் பார்த்தேன். ஊர் பார்க்கப் பெண் கப்பலேறினால் காற்று ஒத்துக்காது. கூலிக்கு ஏற்றிப் போனால் எந்தக் காற்றும் ஒத்துக்கொள்ளும்.

இதை ஆனிக்கு எதிரான வழக்காக எழுதவில்லை. அவர் வாழ்க்கையும் முழுச் சுதந்திரமல்ல. பயணத்தைத் தீர்மானித்தவரும் கப்பலின் தலைவரும் கணவர்தான். 1887இல் இந்தியா, பர்மா, போர்னியோ, ஆஸ்திரேலியா என்று சுற்றிவிட்டு மொரீஷியஸை நோக்கிப் போகும் வழியில், செப்டம்பர் 14 அன்று, காய்ச்சலில் ‘சன்பீம்’ கப்பலிலேயே இறந்தார். வயது 47. கடலிலேயே அடக்கம் செய்தார்கள். எந்தக் கடலை வீடென்று எழுதினாரோ அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு பெண்களையும் ஒரே பக்கத்தில் எழுதாத வரலாறு பாதி வரலாறு என்பதுதான் என் வாதம். பெண்களின் பயண வரலாறு என்று இன்று தொகுக்கப்படுவதில் ஆனிகள் நிறைய, தோணியேறியவர்கள் குறைவு. எழுதத் தெரிந்தவர்களின் பயணம் மட்டுமே பயணமாகிவிட்டது.

கணவரும் பணியாட்களும் இல்லாமல், பெண்ணே தலைவராகவும் மாலுமியாகவும் சமையல்காரராகவும் இருக்கும் படகுக்கு இன்னும் 65 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆன் டேவிசன் என்ற இங்கிலாந்துப் பெண் விமானம் ஓட்டத் தெரிந்தவர். 1949இல் அவரும் கணவரும் ஒரு பழைய படகில் கிளம்பினார்கள். படகு பாறையில் மோதி உடைந்தது, கணவர் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1952 மே மாதம், 23 அடி நீளமே உள்ள ‘ஃபெலிசிட்டி ஆன்’ படகில் பிளிமத்திலிருந்து தனியாகப் புறப்பட்டார். பிரான்ஸ், ஸ்பெயின், ஜிப்ரால்டர், காசாபிளாங்கா, கேனரித் தீவுகள் என்று ஒவ்வொரு துறையாகத் தொட்டு, கற்றுக்கொண்டே போனார். நவம்பரில் லாஸ் பால்மாசை விட்டு, 1953 ஜனவரியில் டொமினிக்கா தீவில் கரையேறினார். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண் அவர். பிறகு கரீபியன் தீவுகளையும் அமெரிக்கக் கரையோர நகரங்களையும் படகிலேயே தங்கிப் பார்த்து நியூயார்க் வரை போனார். தன் நூலில் பயத்தை அவர் மறைக்கவில்லை. பயந்துகொண்டே போனேன் என்று ஒரு பெண் எழுதும்போது, படிக்கிற பெண்ணுக்கு ஒரு வழி திறக்கிறது.

1978இல் போலந்தின் கிறிஸ்டினா ஹொய்னோவ்ஸ்கா-லிஸ்கியேவிச் உலகையே தனியாகச் சுற்றி முடித்தார். கப்பல் கட்டும் பொறியாளர் அவர். அதே ஆண்டு நியூசிலாந்தில் பிறந்த நவோமி ஜேம்ஸ் கேப் ஹார்ன் வழியாகச் சுற்றிவந்தார். நம் நாட்டில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ புறப்பட்டது. 55 அடிப் பாய்மரப் படகு, வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு கடற்படைப் பெண்கள். 254 நாட்களில் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். 2024 அக்டோபரில் அதே படகில் இரண்டே பேர், கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபாவும். ஃபிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் துறைகளைத் தொட்டு 2025 மே இறுதியில் கோவா திரும்பினார்கள். சமையல் இருவருக்கும், காவல் இருவருக்கும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் சுக்கானைப் பிடித்தாக வேண்டும். அந்தக் கணக்கில் ‘பெண் வேலை’ என்று தனியாக ஒதுக்க எதுவும் மிஞ்சாது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை நம்மில் பலர் பெருமையோடு சொல்வதுண்டு. ஓர் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் 1938இல் அதை மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிப் போனார்கள். வாங்கியவர் அதற்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். ஒரு பெண்ணின் பெயர் போய் இன்னொரு பெண்ணின் பெயர் வந்தது. ஓட்டியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். புதுச்சேரிப் பெண் ஒருவர் கேப் ஹார்னைப் படகோட்டிக் கடக்க அதன் பிறகு 87 ஆண்டுகள் ஆயின.

ரூபாவும் தில்னாவும் திரும்பிய பிறகு, ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும், என் வகுப்பில் கேட்டேன்: கடலோர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர்? பதினேழு கைகள். வீட்டில் படகோ வள்ளமோ உள்ளவர்கள்? ஒன்பது. அதில் ஏறிக் கடலுக்குள் போனவர்கள்? இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று பாதியில் இறங்கியது. “ஒரு தடவதான் மேடம், திருவிழாவுக்கு” என்றாள்.

அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் பாட்டியிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் கடல் கடந்த பெண் யார்? எந்தத் துறையில் ஏறினாள், எந்தத் துறையில் இறங்கினாள், கையில் என்ன கொண்டுபோனாள்? கண்டிக்கா, ரங்கூனுக்கா, பினாங்குக்கா, நேட்டாலுக்கா? முக்கியமாக, அவள் பெயர் என்ன? தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். தெரிந்தால் தாமதிக்காமல் எழுதுங்கள். நான் கேட்கத் தாமதித்ததால் ஒரு பெயர் போய்விட்டது.

இதுவரை ஆறு பெயர்கள் வந்திருக்கின்றன.